ஓடினவன் பித்தனா, கட்டினவன் பித்தனா?

“மருத்துவத்திற்கு நிறமில்லை, நோய்க்கு இனமில்லை. வெள்ளையன் செய்த மருந்து கறுப்பன் உடம்பில் வேலை செய்யாதா?” என்று ஒரு கேள்வி மேலை நாடுகளில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. அமெரிக்க ஒன்றியத்திலும் இங்கிலாந்திலும் வாழும் கறுப்பின மக்கள், உள்ளம் நொந்த வேளையில் தம் இனத்தைச் சேர்ந்த, தம் வாழ்வை அறிந்த ஒரு மருத்துவரைத் தேடுகின்றனர். அத்தகையோரைக் கண்டடைவதற்கென்றே பட்டியல்களும் கழகங்களும் அமைத்துக்கொண்டுள்ளனர். இதைக் கண்டுதான் அக்கேள்வி பிறந்தது. நோயிலுமா பிரிவினை என்று முகஞ்சுளிப்பார் சிலர்; இது தலைகீழ் இனவெறி என்று அறைவார் வேறு சிலர்.

உடைந்த எலும்பைக் கட்டுகின்றவனிடம் இப்படிக் கேட்டால் ஓரளவு பொருந்தும். எலும்பு எம்மொழியிலும் பேசுவதில்லை. உள்ளமோ மொழியில் நோகின்றது. மொழியில்தான் ஆறவும் செய்கின்றது. அது நிற்க. கறுப்பினத்தாரின் உள்ளத்தை வெள்ளையரின் மருத்துவம் இதுகாறும் எந்தக் கண்கொண்டு பார்த்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனைப் புரட்டிப் பார்த்தவன் இக்கேள்வியைக் கேட்க நாணுவான்.

1851-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அடிமை முறை கோலோச்சிய தென்புல மாநிலமாகிய உலூசியானாவில், மருத்துவர் கழகத்தின்முன் சாமுவேல் கார்ட்ரைட்டு என்னும் மருத்துவர் ஓர் அறிக்கை படித்தார். அவர் தெருவோரத்து மருந்து விற்பவரல்லர். பெயர் பெற்ற மருத்துவர். கறுப்பினத்தாருக்கே உரிய நோய்கள் என்று அவர் கண்டு சொன்னவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. ஆண்டையின் கட்டினை அறுத்துக்கொண்டு அடிமை ஓடுகின்றானே, அஃது ஒரு நோயாம்! தப்பியோடிய அடிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் பித்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் ஒட்டி அந்நோய்க்குப் பெயரும் சூட்டினார். தமிழில் சொன்னால் ஓட்டப்பித்து. இறைவன் கறுப்பனை முழந்தாளிட்டு நிற்பதற்கென்றே படைத்தான்; ஆண்டை அவனைத் தனக்கு ஒப்பாக நடத்தினாலோ, அளவு கடந்து கொடுமை செய்தாலோ இப்பித்துத் தலைக்கேறும் என்று நோயின் கரணியத்தையும் விளக்கினார். மருந்து என்ன? குழந்தையைப் போல் அடக்கி வைத்தல். கரணியமின்றி முகம் வாடிச் சிடுசிடுப்பவனாக அவன் காணப்பட்டால், ஓடுவதற்கு முன்னரே சாட்டையால் அடித்து அப்பேயை வெளியேற்றுதல்.

அவர் கண்ட இன்னொரு நோயும் உண்டு. அடிமை வேலையில் நாட்டமின்றி இருக்கின்றான், கருவிகளை உடைக்கின்றான், பயிரை மிதிக்கின்றான். கங்காணிகள் இதனைப் போக்கிரித்தனம் என்பர் என்று அவரே எழுதுகின்றார். ஆனால் கற்றறிந்த மருத்துவரல்லவா? போக்கிரித்தனம் அன்று, தோலும் உணர்வும் மரத்துப்போன நோய் என்றார். அதற்கும் மருந்து எழுதினார்: உடம்பைக் கழுவி, எண்ணெய் பூசி, அகன்ற தோல்வாரினால் அவ்வெண்ணெயை உடம்பில் அறைந்து ஏற்றி, வெயிலில் கடும்வேலை வாங்குதல்.

கங்காணி அடித்தால் அது கொடுமை. மருத்துவன் எழுதிக் கொடுத்து அடித்தால் அது மருந்து. கொடுமைக்கு அறிவியல் என்னும் வெள்ளாடை உடுத்துவதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேறு எங்கும் கிடைப்பது அரிது. பிறர் உழைப்பைக் களவாடி, தாயையும் சேயையும் வெவ்வேறு சந்தையில் விற்றுப் பிழைத்தவன் நலமுடையவன். அவன் பிடியிலிருந்து ஓடினவன் பித்தன்! கட்டினவனுக்கு எந்த நோய்நூலிலும் பெயர் எழுதப்படவில்லை.

கார்ட்ரைட்டு ஒருவர் செய்த பித்துக்காரச் செயல் இது. அதனைக் கொண்டு ஒரு துறையையே பழிப்பதா என்பாருக்கு, அவருக்குப் பதினோராண்டு முன்னர் நடந்ததைக் காட்டலாம். 1840-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்க அரசு பித்துற்றோரையும் எண்ணியது. எண்ணி முடித்த பொழுது, வடபுலத்தில் விடுதலை பெற்று வாழும் கறுப்பரிடையே பித்துற்றோர் தொகை தென்புலத்து அடிமைகளிடையே உள்ளதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று வந்தது. அடிமைமையே கறுப்பனுக்கு நலம், விடுதலை அவன் மூளையைக் கெடுத்துவிடும் என்பதற்கு அரசின் முத்திரையோடு சான்று கிடைத்துவிட்டது என்று ஆண்டைகள் குதித்தனர். மாசசூசெட்சு மாநிலத்து மருத்துவர் எட்வர்டு சார்விசு அக்கணக்கை ஊர் ஊராகத் துருவினார். உவர்சுட்டர் என்னும் ஊரில் 133 கறுப்பினப் பித்தர் என்று எழுதியிருந்தது. அவர்கள் அவ்வூர் மருத்துவமனையில் இருந்த வெள்ளையர்! கறுப்பர் ஒருவர்கூட வாழாத சிற்றூர்களில் கறுப்பினப் பித்தர் இருப்பதாகவும் எழுதப்பட்டிருந்தது. மருத்துவப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினத்தவராகிய சேம்சு மக்கூன் சுமித்து, தம் நாட்டுக் கல்லூரிகள் கதவடைத்தமையால் கிளாசுகோ சென்று 1837-இல் பட்டம் பெற்றவர், 1844-இல் அக்கணக்கின் பொய்யை எண்களைக் கொண்டே உடைத்தார். பயன்? அதே 1844-இல் அயலுறவு அமைச்சர் சான் கல்கூன், அடிமை முறைக்கு அரணாக அப்பொய்க் கணக்கையே எடுத்து ஆங்கிலேயத் தூதருக்கு மடல் எழுதினார். கணக்கு இறுதிவரை திருத்தப்படவே இல்லை.

அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. பார்வை ஒழிந்ததா? 1911-இல் மேரிலாந்து மாநிலம் கறுப்பினப் பித்தருக்கென்று தனி மருத்துவமனை எழுப்பிற்று. எழுப்பியவர் யார் என்று பார்த்தால், அதில் சேர்க்கப்பட்ட நோயாளிகளே! முதலில் கொண்டு வரப்பட்டவர் பன்னிருவர். காட்டை வெட்டி, நிலத்தைத் திருத்தி, தாம் அடைக்கப்படவிருந்த சுவர்களைத் தாமே எழுப்பினர். வேலை செய்யும் அளவு உடல்நலமும் அறிவுநலமும் உடையவர். வெளியில் விடும் அளவு நலமில்லாதவர் போலும்! கிரவுன்சுவில் என்று பிற்காலத்தில் பெயர் மாறிய அம்மனை 2004-இல்தான் மூடப்பட்டது. அதன் இடுகாட்டில் பல கற்களில் பெயர் இல்லை. எண் மட்டுமே உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது இன்னும் நுட்பமானது. உளச்சிதைவு என்னும் நோய், அதுவரை பெரும்பாலும் வெள்ளைக் குடும்பப் பெண்களிடத்துக் காணும் அமைதியான நோயாகவே அமெரிக்க மருத்துவராலும் இதழ்களாலும் பேசப்பட்டு வந்தது. கறுப்பின மக்கள் உரிமைகேட்டுத் தெருவில் இறங்கிய 1960-களில் அந்நோயின் முகம் திடுமென மாறிற்று. 1968-இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய் வரையறை நூல், அந்நோயின் ஒருவகைக்குப் பகைமையும் தாக்கும் இயல்பும் அடையாளம் என்று எழுதிற்று. அதே ஆண்டில் இரண்டு உளமருத்துவர்கள், கறுப்பர் போராட்டத்தையே ஒரு பித்தாகக் காட்டி, “எதிர்ப்புப் பித்து” என்று பெயரிட்டுக் கட்டுரை வரைந்தனர். மிச்சிகன் மாநிலத்து அயோனியா மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் படித்து ஆராய்ந்த சோனதன் மெட்சல் என்னும் உளமருத்துவர், திதிராய்த்து நகரிலிருந்து பிடித்துவரப்பட்ட கறுப்பின ஆடவர் மீது இந்நோய்ப் பெயர் எவ்வாறு குவிந்தது என்பதை 2010-இல் வெளிவந்த தம் நூலில் பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கின்றார். 1974-இல் ஓர் உளமருத்துவ இதழில் வந்த மருந்து விளம்பரத்தில் கறுப்பன் ஒருவன் சினந்து கைமுட்டியை உயர்த்தி நிற்கின்றான். இவனிடம் ஒத்துழைப்பைப் பெற இம்மருந்தைத் தொடங்குக என்னும் கருத்தில் சொற்கள் அமைந்திருந்தன. உயர்த்திய கைமுட்டி அக்காலத்தில் கறுப்பின எழுச்சியின் அடையாளம் என்பது உலகறிந்தது. கார்ட்ரைட்டின் சாட்டை மாத்திரையாயிற்று. வேறு மாற்றம் என்ன?

இதனை அப்பொழுதே உணர்ந்து பேசியவர் மார்ட்டின் லூதர் கிங். 1967 செப்தம்பரில் வாசிங்டனில் அமெரிக்க உளவியலாளர் கழகத்தின்முன் உரையாற்றிய அவர், சூழலோடு ஒத்துப்போகாதவன் என்று ஒருவனைக் குறிக்கும் உளவியல் சொல்லையே கையிலெடுத்துக்கொண்டு, இனப் பிரிவினையோடும் பசியோடும் போரோடும் ஒத்துப்போக மாட்டாமையே மாந்தனுக்கு வேண்டிய நலம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டவர் கைதட்டினர் என்பர். கைதட்டுவதில் அறிஞருக்கு என்றும் குறைவில்லை.

ஆகவே, கறுப்பினத்தார் உளமருத்துவரிடம் போக அஞ்சுகின்றனர், நோயை மறைக்கின்றனர், அறியாமையில் உழல்கின்றனர் என்று மேலை நூல்கள் அங்கலாய்ப்பதில் ஒரு பெரும் பொய் ஒளிந்திருக்கின்றது. அஃது அறியாமையன்று, பட்டறிவு. தலைமுறை தலைமுறையாகத் தன் சினத்துக்கு நோய்ப் பெயரும், தன் துயரத்துக்குப் பூட்டும் கிடைக்கப்பெற்ற மக்கள், அக்கதவைத் தட்டத் தயங்குவது நலமுள்ள உள்ளத்தின் அடையாளமே.

தயங்கியவர்கள் கைகட்டி நிற்கவும் இல்லை. 1946 மார்ச்சில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியாகிய ஆர்லெத்தில், ஒரு கிறித்தவக் கோயிலைச் சார்ந்த கட்டடத்தின் நிலவறையில், இலபார்க்கு உளமருத்துவ இல்லம் தொடங்கப்பட்டது. எழுத்தாளர் இரிச்சர்டு ரைட்டும் உளமருத்துவர் பிரெடரிக் வெர்த்தாமும் அதற்கு முன்னின்றனர். அரசு பணம் தரவில்லை. செல்வர் அறக்கட்டளைகளும் தரவில்லை. செவ்வாய், வெள்ளி மாலைகளில் மருத்துவர்கள் ஊதியமின்றி வந்தனர். கட்டணம் கால் தாலர். அதுவும் இல்லாதவர் கொடுக்க வேண்டா. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்நிலவறை இயங்கிற்று. அங்கு வந்தவனிடம், உன் மூளையில் என்ன கோளாறு என்று முதலில் கேட்கவில்லை. உனக்கு வீட்டு வாடகை என்ன, வேலை எங்கே போயிற்று, காவலன் உன்னை என்ன செய்தான் என்று கேட்டனர். அதே 1946-இல் அதே ஆர்லெத்தில் மேமி கிளார்க்கு, கென்னத்து கிளார்க்கு என்னும் கறுப்பின உளவியல் இணையர் சிறுவர்க்கென ஒரு நடுவம் தொடங்கினர். கறுப்புப் பாவையையும் வெள்ளைப் பாவையையும் எதிரே வைத்து, நல்ல பாவை எது என்று கறுப்பினக் குழந்தைகளைக் கேட்ட பொழுது, பெரும்பாலோர் வெள்ளைப் பாவையைத் தொட்டனர் என்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர்கள் அவர்களே. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் அளித்த தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வு சுட்டப்பட்டது. வெர்த்தாமும் அவர் குழுவினரும் தெலவேர் மாநிலத்துச் சிறுவரை ஆய்ந்து, பிரிவினைப் பள்ளி குழந்தை உள்ளத்தைப் புண்படுத்துகின்றது என்று அவ்வழக்குகளுள் ஒன்றிலே சான்று கூறினர்.

நோயின் வேரைக் குழந்தையின் மண்டையில் தேடாமல் சட்டத்தில் தேடினர், சட்டத்தையே மாற்றினர். உளமருத்துவம் என்றால் இதுவன்றோ? வெர்த்தாம் வெள்ளையர், செருமனியிற் பிறந்தவர். எனவே, வெள்ளை மருத்துவரே வேண்டா என்பது இங்கு வழக்கன்று. அம்மக்களின் நிலவறைக்கு இறங்கி வந்து, அம்மக்கள் வகுத்த முறையின்கீழ்ப் பணிசெய்தவர் அவர். மேலிருந்து ஊசி எறியவில்லை.

1968-இல் சான் பிரான்சிசுகோவில் கறுப்பின உளவியலாளர்கள் தமக்கெனக் கழகம் கண்டனர். மறு ஆண்டு கறுப்பின உளமருத்துவர்களும் செசுட்டர் பியர்சு தலைமையில் தனியே அணிதிரண்டு, அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் ஆளுமன்றத்தார் முன் சென்று தம் வேண்டுகைகளை வைத்தனர். அடிப்பது போல் தோன்றாமலே நாடோறும் அடிக்கும் சிறுசிறு இழிவுகளை நுண்தாக்கு என்னும் பொருளில் ஒரு சொல்லாக்கி, 1970-இல் வழங்கியவர் அப்பியர்சே. துன்பத்துக்குப் பெயரிடும் உரிமை கார்ட்ரைட்டுகளிடமிருந்து அன்றுதான் கைமாறத் தொடங்கிற்று. 2021 சனவரியில் அமெரிக்க உளமருத்துவக் கழகமும், அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க உளவியலாளர் கழகமும் தம் பழைய இனக் கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டன. ஓட்டப்பித்து அறிக்கைக்கும் அதற்கும் இடையே 170 ஆண்டு. மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியவன், மறுநாள் தன்னினத்து உளவியலாளர் ஒருவரைத் தேடினால் கிடைப்பாரா? அந்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் கறுப்பினத்தார் உளர். உளவியலாளருள் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே அவர்கள் நிற்கின்றனர்.

நிறம் ஒத்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது என்பதனை எவரினும் தெளிவாகக் காட்டியவர் ஒரு கறுப்பின மருத்துவரே. மார்த்தினீக்குத் தீவிற் பிறந்த பிரான்ட்சு பனோன், 1953 இறுதியில் பிரெஞ்சு வல்லாட்சியின்கீழ் இருந்த அல்சீரியாவில் பிளிதா மருத்துவமனைக்கு உளமருத்துவராகச் சென்றார். அந்நாட்டை ஆண்ட மருத்துவக் கொள்கை, அல்சீர் நகர்ப் பள்ளி என்று பெயர்பெற்ற அந்துவான் போரோவின் கொள்கை. அல்சீரியன் பிறவியிலேயே முரடன், குழந்தைத்தன்மை மாறாதவன், குற்றம் அவன் குருதியில் ஓடுகின்றது என்று அப்பள்ளி கற்பித்து வந்தது. பனோன் அதனை வெறுத்தார். நோயாளியைக் கட்டிவைக்காமல், கூடிவாழும் வாழ்வினாலேயே ஆற்றும் முறையைக் கொணர்ந்தார். கூத்து, பாட்டுக்குழு, மருத்துவமனைக்கென ஒரு செய்தித்தாள், விழா மாலைகள் என எல்லாம் நடந்தன. ஐரோப்பியப் பெண்கள் இருந்த பகுதியில் அவை நன்கு பயன் தந்தன. இசுலாமிய ஆடவர் இருந்த பகுதியில் ஒன்றும் பயன் தரவில்லை. அழைத்தாலும் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள்.

போரோவின் மாணவனாயிருந்தால், பார்த்தீரா, முரட்டு இனம், மருத்துவம் ஏறாது என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். பனோன் அவ்வாறு செய்யவில்லை. தவறு நோயாளியிடம் இல்லை, மருத்துவத்தில் இருக்கின்றது என்று கண்டு, தம் உதவியாளர் சாக்கு அசுலேயோடு சேர்ந்து 1954-இல் அதனை வெளிப்படையாகவே எழுதினார். செய்தித்தாளாம்! படிக்கத் தெரிந்தவர் அவருள் மிகச் சிலர். விழாக்கள் கிறித்தவர் விழாக்கள். கூத்தாடுவது அவ்வூர் ஆடவனுக்குப் பெருமை தராது. ஊர் ஊராகச் சென்று கதை சொல்லும் கதைசொல்லியைத்தான் அவன் மதிப்பான். எல்லாவற்றிலும் கொடிது, மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளன். அல்சீரியன் தன் வாழ்வில் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்த இடங்கள் எவை? காவல் நிலையமும் முறைமன்றமும். அவனைக் கண்டதும் அவன் வாய் அடைத்துக்கொண்டது. நோயை உசாவும் கேள்வி, குற்றத்தை உசாவும் கேள்வியாக அவன் காதில் விழுந்தது.

கண்டபின் என்ன செய்தார்? அவ்வூர் முறைப்படி மருத்துவமனைக்குள் ஒரு குளம்பிக்கடை திறந்தார். பெருநாள்களைக் கொண்டாடச் செய்தார். கதைசொல்லியை வரவழைத்தார். தாமும் அரபு மொழி கற்கத் தொடங்கினார். உள்ளம் பூட்டிக் கிடந்தவர்கள் மெல்லப் பேசத் தொடங்கினர். 1956-இல் அவர் அப்பணியையே துறந்தார். தன் நாட்டிலேயே அயலானாக்கப்பட்ட ஒருவனை அச்சூழலோடு ஒத்துப்போகச் செய்வது மருத்துவம் ஆகாது என்பது அவர் விலகல் மடலின் கருத்து. கறுப்பர், நேர்மையர், அறிவாளர் ஆகிய பனோனுக்கே, மொழியும் வழக்கமும் அறியாத வரையில் கதவு திறக்கவில்லை என்றால், இவற்றுள் ஒன்றும் இல்லாதவரைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது?

இங்கிலாந்தில் இன்று நடப்பதைப் பார்க்க வேண்டும். 1983-ஆம் ஆண்டு உளநலச் சட்டத்தின்கீழ் அந்நாட்டில் ஒருவரை அவர் இசைவின்றியே மருத்துவமனையில் அடைத்து வைக்கலாம். 2022–23-இல் ஓரிலக்கம் வெள்ளையருக்கு 64 என்னும் அளவில் அச்சட்டம் பாய்ந்தது. ஓரிலக்கம் கறுப்பினத்தாருக்கு 228 என்னும் அளவில் பாய்ந்தது. மூன்றரை மடங்கு! ஆறுதல் பெறும் இடத்தில் கறுப்பனைக் காண்பது அரிது. அடைக்கும் இடத்தில் அவனே கூட்டம்.

அவ்வாறு அடைக்கப்பட்டவருள் ஒருவர் டேவிடு பென்னெட்டு. சமேக்காவிற் பிறந்து சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். அவர் தாம் இருந்த மருத்துவமனையின் செவிலியர் தலைமைக்கு 1993-இல் ஒரு மடல் எழுதினார். இங்குக் கறுப்பின நோயாளிகள் அரைப் பன்னிருவருக்கு மேல் இருக்கின்றோம். பணியாளருள் எம்மவர் ஒருவர்கூட இல்லை. இருவரையேனும் அமர்த்துங்கள் என்பது அதன் சாரம். சினமில்லாத, பணிவான மடல். கேட்டது மருந்தன்று, பணமன்று; தன் முகத்தை ஒத்த இரண்டு முகங்கள். ஐந்தாண்டு கழித்து, 1998 அக்டோபரில் ஓரிரவு, இன்னொரு நோயாளியோடு பூசல் மூண்டது. அவன் பென்னெட்டை நிறஞ்சொல்லி இழிவுரை பேசினான். வேறு பகுதிக்கு மாற்றப்பட்டவர் பென்னெட்டே. அங்கு அவர் பொங்கி எழவே, பணியாளர் பலர் சேர்ந்து அவரைக் குப்புறக் கிடத்தி இருபத்தைந்து நிமையம் அளவு அழுத்திப் பிடித்திருந்தனர். மூச்சு நின்றது. அகவை 38. அச்சாவை உசாவிய தனிக்குழு, நாட்டின் உளநல மருத்துவத் துறையில் இனவெறி அமைப்பாகவே ஊறியிருக்கின்றது என்று அறிக்கை தந்தது.

உள்ளம் நொந்தவன் தன் இனத்து மருத்துவனைத் தேடுவது குறுகிய நோக்கு என்பவர், அம்மடலுக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

அதே இங்கிலாந்துக்கு, 1983 ஆடிக் கலவரக் கொலைகளுக்குப் பின்னர் ஈழத் தமிழர் ஏதிலியராக ஆயிரக்கணக்கில் சென்று சேர்ந்தனர் என்பதனாலேயே இச்செய்தி தமிழர்க்கு ஊரார் செய்தி அன்று. மகன் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தாய் ஒருத்தி இலண்டன் மருத்துவர்முன் அமர்ந்து, “நெஞ்சு வேகுது, ஐயா, ஈரக்குலை நடுங்குது” என்கின்றாள் என்று கொள்க. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர். நெஞ்சு எரிகின்றதாம், ஈரலில் நடுக்கமாம் என்று அவர் சொல்ல, மருத்துவர் நெஞ்சுத் துடிப்பையும் ஈரலையும் ஆய்வுக்கு அனுப்புவார். எல்லாம் நலம் என்று தாள் வரும். நலமென்று வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? செத்தான் என்று உறுதி இருந்தால் எட்டு, அந்தியேட்டி என்று செய்து அழுது ஆறலாம். அதுவும் இல்லை. உயிரோடிருக்கும் மகனுக்குத் தாயே எள்ளிறைப்பதா என்னும் தவிப்பு எந்தச் சொல்லில் அந்த மருத்துவரைச் சென்றடையும்? எள் என்றால் என்ன, எட்டு என்றால் என்ன என்பதிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்!

இதனை உணர்ந்து உழைத்தவர் இல்லாமலில்லை. 1983-இல் இலண்டனில் சாபர் கரீம் தொடங்கிய நப்சியாத்து என்னும் நடுவம், வந்தவர் பண்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, கூடுமானவரை அவரவர் தாய்மொழியிலேயே உள ஆறுதல் அளிக்க முற்பட்டது. இலங்கையிற் பிறந்து இங்கிலாந்தில் உளமருத்துவராகப் பணிபுரிந்த சுமன் பெர்னாண்டோ, உளமருத்துவத்தில் ஊறிய இனவெறியை 1988 முதல் நூல்மேல் நூலாக எழுதிக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே மருத்துவம் செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், அம்மக்களின் துயரை எடுத்துரைக்க “மனவடு” என்று தமிழிலேயே நூல் எழுதினார். எண்ணெய் தேய்த்தலும் மூச்சை அடக்கலும் வழிபாடும் சாச்சடங்கும் அங்கு மருந்துகளாகவே கொள்ளப்பட்டன. வடு என்னும் அவ்வொரு சொல் செய்ததை, மேலை நூல்களில் உள்ள நோய்ப் பெயர்கள் பத்து சேர்ந்தும் செய்ய முடியாது. புண் ஆறினாலும் அடையாளம் இருக்கும் என்பதனை ஆச்சிமாரும் அறிவர்.

இனித் தமிழ்நாட்டைப் பார்த்தால் நாணமே மிஞ்சுகின்றது. இங்கு மருத்துவர் கறுப்பர்தாம், தமிழர்தாம், நோயாளியின் பக்கத்து ஊர்க்காரராகவும் இருப்பார். ஆயினும் மருத்துவக் கல்லூரியில் அவர் உளநோயைப் படித்தது ஆங்கிலத்தில், அறிகுறிகளை உருப்போட்டது ஆங்கிலத்தில், தேர்வெழுதியது ஆங்கிலத்தில். நோயாளி “உள்ளுக்குள்ள ஏதோ பிசையுது” என்றவுடன் அவர் அதனைத் தம் தலைக்குள் ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தில் விடைகண்டு, மீண்டும் தமிழாக்கிச் சொல்கின்றார். பிளிதா மருத்துவமனையில் இருவருக்கும் இடையில் நின்ற அந்த மொழிபெயர்ப்பாளன், இங்கு மருத்துவரின் மண்டைக்குள்ளேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கின்றான். அவனுக்கு “வெறுமை” தெரியாது, “ஏக்கம்” தெரியாது, “மனம் விட்டுப் போச்சு” என்று ஒரு கிழவி சொன்னால் அதில் எத்தனை ஆண்டுத் தனிமை இருக்கின்றது என்பதும் தெரியாது. சீட்டில் எழுதுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு நோய்ப் பெயர் அவனுக்குத் தெரியும். அக்கிழவியோ அச்சீட்டைப் படிக்கத் தெரியாமல் மருந்துக் கடைக்காரனிடம் நீட்டி, “எனக்கு என்ன நோய்னு இதில போட்டிருக்கு, தம்பி?” என்று கேட்கின்றாள்.